நைனா, உங்கள் விரலில் மை வைத்தார்கள்

அன்பையும் கோபத்தையும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிற என் நைனாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. போன எலக்ஷனில் நீங்கள் ஓட்டுப் போட்டீர்கள் நைனா. பெண்கள் வரிசையில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

இதை வீட்டுக்குள் உங்கள் படத்துக்கு முன்னால் சொல்லி அழுதிருக்கலாம். ஆனால் நீங்கள் எதையும் தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி பேசுகிறவர். அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் ரெண்டு தறி போட்டுப் பிழைத்த ஏகாம்பரம், சின்னசாமியின் மகன். மேடையில் மாலை வாங்கியவர் இல்லை. எலக்ஷன் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போடுகிறவர்.

அன்று பள்ளிக்கூடத்து ஓட்டுச்சாவடியில் உங்கள் கட்சிக்கு நீங்கள்தான் ஏஜென்ட். வருகிறவர் பெயரைச் சாவடி அதிகாரி சத்தமாகப் படிப்பார். லிஸ்டில் இருக்கிற ஆளும் எதிரில் நிற்கிற ஆளும் ஒன்றுதானா என்று ஏஜென்ட் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எழுந்து சொல்ல வேண்டும். "சத்தமா படிக்கறதே அதுக்குத்தான். இல்லாங்காட்டி மனசுக்குள்ள படிச்சுக்கலாமே" என்பீர்கள். எலக்ஷன் வருகிற ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லாமல் நீங்கள் சோற்றில் கை வைத்ததில்லை.

எதிர்க்கட்சிக்கு ஏஜென்ட் சைக்கிள் கடை ஜெயராஜ் மாமா. மிஷன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவர். மைக் கிடைத்தால் நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கிழித்துத் தோரணம் கட்டுவீர்கள். சாவடிக்குள் வந்துவிட்டால் ஒரே பெஞ்சு. நீங்கள் பீடி குடிக்க எழுந்து போனால் அவர் ரெண்டு கட்சிக்கும் சேர்த்துப் பார்ப்பார். அவர் டீ குடிக்கப் போனால் நீங்கள் பார்ப்பீர்கள். திரும்பி வந்தவரிடம், "உன் ஆளுங்க மூணு பேரு வந்து போனாங்க, எல்லாம் கரெக்டு" என்று சொல்வதோடு சரி. அந்தப் பேச்சை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

நான் நாலாவது படிக்கும்போது நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறக்க விட்டால்தானே. பிச்சாட்டூரிலிருந்து சின்னம்மா நம் வீட்டுக்கு வந்திருந்தாள். உங்கள் கட்சி ஆட்கள்தான், நம் தெருவில் ஊருக்குப் போயிருந்த ஒரு பெண்ணின் பெயரில் ஓட்டுப் போட அவளை அழைத்துப் போனார்கள். ஏஜென்ட் சொந்த அக்கா புருஷன், என்ன ஆகிவிடப்போகிறது என்று அவளும் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். அரை மணியில் அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

"அக்கா, உன் வூட்டுக்காரரு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, இவ எங்க ஊரு இல்ல, என் மச்சினிச்சி, பிச்சாட்டூருன்னு சொல்லிட்டாரு. எதிர்க்கட்சிக்காரரு கூட கம்முனு குந்திகினு இருந்தாரு, இவருதான் எழுந்தாரு. என் மானமே போச்சு!"

நீங்கள் சாயந்திரம் வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். நீங்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "பேரு ஒருத்தி, ஆளு ஒருத்தின்னா நான் இன்னா பண்றது? மச்சினிச்சின்னு கண்ண மூடிக்கினா, நாளைக்கு எவன் கண்ண நான் தொறக்கச் சொல்றது?" சின்னம்மா நம் வீட்டு வாசப்படி மிதிக்க ஆறு வருஷம் ஆனது. உங்கள் கட்சியும் அந்தத் தடவை தோற்றது. நீங்கள் வழக்கம்போல நன்றாகத் தூங்கினீர்கள். இதற்காக உங்கள் மேல் எனக்கு அப்போது கோபம். சின்னம்மா வந்தால் தேங்காய் பர்பி வரும், அது நின்றுபோனது.

கல்யாணமாகி ரெண்டே வருஷத்தில் நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றேனே, அந்த நாளையும் சொல்லிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குந்து. டீ குடி" என்றீர்கள். அந்த மாசமே ஒரு தையல் மெஷின் வந்தது. அதற்கும் முன்னால், வீட்டு லிஸ்டில் என் பெயரைச் சேர்க்க மனு எழுதிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "லிஸ்ட்ல பேரு இருந்தா நீ இந்த வூட்டு ஆளு. எவனும் உன்ன வந்தவளுன்னு சொல்ல முடியாது" என்றீர்கள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி ஒரு இடம் போட்டுக் கொடுத்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. தப்பு எங்களுடையது.

உங்களை ஆஸ்பத்திரிக்கென்று திருப்பதிக்கு அழைத்துப் போனோம். பதினோரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வந்த மறுநாள் போய்விட்டீர்கள். நாலு மாசம் கழித்து லிஸ்ட் திருத்த ஒரு ஆசாமி வீடு வீடாக வந்தார். புத்தகத்தை விரித்து உங்கள் பெயரைப் படித்து, இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டார். கையில் சிவப்பு மைப் பேனா. பெயருக்குக் குறுக்கே கோடு இழுக்கத் தயாராக இருந்தது. அம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"திருப்பதி போய்க்கிறாரு" என்றாள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். "ஆமா" என்று தலையை ஆட்டினேன். அவர் டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா உள்ளே போய்க் குழம்பைக் கிளறினாள். என் பெயரை அந்த வீட்டில் எழுத வைத்தவர் பெயரை நான் எப்படி அடிக்க விடுவேன்? ஒரு பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தோம். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் ரெண்டு பேரையும் தெருவில் நிறுத்திக் கத்தியிருப்பீர்கள்.

எலக்ஷன் வந்தது. வரிசையில் நின்று நின்று நான் அறை வாசல்வரை வந்துவிட்டேன். எனக்கு முன்னால் ரெண்டே பெண்கள். உள்ளே ஆண்கள் வரிசையிலிருந்து ஒருத்தன் போய் நின்றான். அதிகாரி வெளியூர்க்காரர், லிஸ்டைப் பார்த்துத் தெலுங்கில் அப்பா பெயரோடு சத்தமாகப் படித்தார்.

"ஏகாம்பரம், தண்ட்ரி சின்னசாமி. வயசு அறுபத்தி மூணு."

நின்றவனுக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். கட்டம் போட்ட சட்டை. பவர்லூம் ஷெட்டில் வேலை பார்க்கிறவன். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். அவன் "ஆ" என்றான். விரலை நீட்டினான். அதிகாரி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பெஞ்சில் உங்கள் இடத்தில், அந்த ஷெட்டை நடத்துகிற ஷெட்டுக்காரர் வீட்டுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜெயராஜ் மாமா. இந்த வயசிலும் அவர் கட்சிக்கு அவர்தான். உங்கள் பெயர் கேட்டதும் மாமா சட்டென்று நிமிர்ந்தார். நைனா, அவர் இப்போது எழுந்துவிடுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பையனைப் பார்த்தார், விரலை நீட்டி நின்றவனைப் பார்த்தார், பிறகு தன் கால் செருப்பைப் பார்த்தார். உங்கள் விரலில் மை வைத்தார்கள்.

நான் ஏன் கத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். கத்த வேண்டுமென்றால் நான் ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். அதை அதுவரை என் வாயால் நான் சொன்னதில்லை. நைனா போய்ட்டாரு, நைனா இல்ல, நைனா இருந்தப்ப என்று சுற்றிச் சுற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னதில்லை. பயமும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? தம்பி சேகருக்குத் தறிக்கு வேண்டிய பாவும் ஊடை நூலும் கொடுக்கிறவர் அந்த ஷெட்டுக்காரர்தான். என் பெயரைப் படித்தார்கள். நானும் விரலை நீட்டினேன். வெளியே வந்து பள்ளிக்கூடத்துக் குழாயில் மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அது போகிற மையா?

அன்று மத்தியானமே மாமாவின் சைக்கிள் கடைக்கு நேராகப் போனேன். சாவடியில் மகனை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். சாப்பிடவில்லை. ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்க ஏன் எழுந்துக்கல?"

"எழுந்துட்டு?" என்றார். டியூபைத் திருப்பிப் போட்டு அமுக்கினார். "என் மவன் லாரி ஓட்றது யாரு லாரின்னு உனக்குத் தெரியாதாம்மா? எனக்கும் முழங்கால் போச்சு."

"எங்க நைனாவ தூக்குனப்ப ஒரு தோள் உங்களுதுதானே மாமா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத கஸ்தூரி. உன் நைனா பேர படிச்சாங்களே, அந்த ஒரு நிமிசம் எனக்கு சந்தோசமா இருந்துச்சும்மா. வந்துட்டான்டா, இனிமே இவன் பார்த்துக்குவான், நான் டீ குடிக்கப் போலாம்னு தோணுச்சு."

எனக்கு அவர் மேல் கோபப்படத் தெரியவில்லை. டியூபிலிருந்து குமிழ் வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. ஒரு பெயரை அடிக்க வேண்டும், அவ்வளவுதானே, முறையாகப் போய் அடித்துவிட்டு வருவோம் என்று, லிஸ்டைத் திருத்துகிற மண்டல ஆபீசுக்குப் போனேன். கிளார்க் ஒரு நோட்டை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "திருப்பதி போயிருக்காருன்னு நீங்கதானே எழுத வெச்சீங்க? இன்னும் திரும்பி வரலியா?" என்றார். பிறகு, "ஓட்டு போட்டதா கணக்கு இருக்குது. ஓட்டு போட்ட மனுஷன் செத்துட்டார்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்றார். சாவு சர்ட்டிபிகேட் கேட்டார். நீங்கள் வீட்டில் போனவர். அந்தக் காலத்தில் பிறப்பு இறப்பெல்லாம் எழுதி வந்த ஊர்க் கணக்கர், கர்ணம், அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார்கள். அவருடைய புத்தகம் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ. கடைசியில், உங்கள் சாவு தெரிந்த ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். அம்மாவும் நானும் ஒரே வீடு, செல்லாது. வெளி ஆள் ரெண்டு பேர்.

உங்கள் சாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் நைனா! தெரு அடைத்துக்கொண்டு நின்றதே. ரெண்டு கையெழுத்து என்ன, இருநூறு வாங்கலாம் என்று ஃபாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் வீட்டு அம்மா, "எங்க வூட்டுக்காரர கேட்டுக்கினு சொல்றேன்" என்றாள். வீட்டுக்காரர் உள்ளேதான் இருமிக்கொண்டிருந்தார். ரெண்டாவது வீட்டில், அன்றைக்குத் தான் ஊரில் இல்லை என்று சொன்னார். உங்களுக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான். மூன்றாவது வீட்டில் காபி கொடுத்தார்கள், ஃபாரத்தைத் தொடவில்லை. "எதுக்கும்மா வம்பு? அவரு சாமியாட்டம் எங்கனா இருக்கட்டுமே" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜெயராஜ் மாமா கடைக்குக் கடைசியாகப் போனேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். வாங்கி வைத்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு வாம்மா" என்றார். மறுநாள் கடை பூட்டியிருந்தது.

ஒரு ஊரே சேர்ந்து எரித்துவிட்டு வந்த மனுஷனைச் செத்தார் என்று சொல்ல ரெண்டு பேர் இல்லை. சித்தூருக்கு பஸ் ஏறிப் போய், மனு வாங்குகிற நாளில் பெரிய ஆபீஸ் வரிசையிலும் நின்றேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். மனுவைப் படித்துவிட்டு, ரெண்டு சாட்சியோடு வா என்று அதே ஆபீசுக்குத் திருப்பி எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது ரெண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். தேசமே கெட்டுப்போச்சு, அந்தக் காலத்தில் யோக்கியன் இருந்தான், இப்போது எல்லாம் போச்சு என்று ஒரே புலம்பல். எனக்கு எரிச்சலாக வந்தது. கெட்டுப்போவதற்கு அது என்ன தயிரா, தானாகப் புளித்துப்போக? யாரோ ஒருத்தர் எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அதில் நானும் ஒருத்தி. ஆனால் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தக் காலத்தில் நாட்டுக்கே இருந்த குணமா அது? இல்லை, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேருடைய குணத்தைத்தான் நாங்கள் நாட்டுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தோமா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்போதெல்லாம் காலனி ஜனங்கள் ஓட்டுப் போட நாலு மணிக்கு மேல்தான் வருவார்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும் போட்டு முடித்த பிறகுதான். காலையில் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பொய் ஓட்டுக்கு எழுந்து நின்ற நீங்கள் அதற்கு ஒரு தடவையாவது எழுந்து நின்றீர்களா நைனா? நான் உங்களிடம் இதைக் கேட்டதில்லை. கேட்காமலே விட்டுவிட்டேன். இப்போது நம் தெருவையும் அப்படிப் பயந்து நடக்க வைத்திருக்கிறார்கள், அதனால்தான் எனக்கு இது புரிகிறதோ என்னவோ.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சாயத்து எலக்ஷன் அறிவித்திருக்கிறார்கள். நம் வார்டுக்கு நிற்பது ஷெட்டுக்காரரின் மைத்துனர். போட்டியே இல்லாமல் எல்லாரும் சேர்ந்து ஒருத்தரை ஜெயிக்க விட்டுவிடுவதற்கு இங்கே ஏகக்ரீவம் என்று பெயர். ஊர் ஒற்றுமையாக இருக்கிறதாம், அதனால் ஓட்டே தேவையில்லையாம். ரெண்டு பேர் வீடு வீடாக வந்து வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்ன விதத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தெருவே அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டால் உங்களுக்குப் பிடித்திருக்காது.

நாமினேஷன் கடைசி நாள் காலையில் ஒரு ப்ளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தோன்றியது. ஏஜென்டாக உட்கார வேண்டுமென்றால் யாராவது ஒரு வேட்பாளர் என்னை உட்கார வைக்க வேண்டும். யாரும் வைக்கமாட்டார்கள். ஆனால் நிற்கிற ஆளுக்குச் சாவடிக்குள் போக உரிமை உண்டு என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அதற்கு ரெண்டு சாட்சி வேண்டாம். பெயரை முன்மொழிய வார்டில் ஓட்டுள்ள ஒரே ஒரு ஆள் போதும். "அம்மா, செருப்ப மாட்டு" என்றேன்.

அம்மா மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆபீசில் முன்மொழிகிறவர் விவரம் எழுதும்போது அதிகாரி அம்மாவைப் பார்த்து, புருஷன் பெயர் என்ன, இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டார். பெயரை நான் சொன்னேன். அடுத்த கேள்விக்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தாள். நான் வாயைத் திறந்தேன், கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"லேரு சார்" என்று, இல்லை என்பதைத் தெலுங்கிலேயே சொன்னாள். பிறகு நம் பேச்சிலேயே சொன்னாள். "செத்துட்டாரு. மூணு வருசமாச்சு. நான்தான் திருப்பதின்னு பொய் சொன்னேன்."

அதிகாரி ஒன்றும் கேட்காமல் உங்கள் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறீர்களே, லிஸ்டிலும் அடித்துவிடுங்கள் என்றேன். "அதி வேறே செக்‌ஷன் அம்மா" என்றார். அம்மா கட்டை விரல் வைத்தாள். வெளியே வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்து, நீங்கள் போன அன்றைக்குக்கூட அழாத மாதிரி அழுதாள்.

சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் சேகர் ஷெட்டுக்குப் போனான், பாவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ரெண்டு தறியும் நின்றுபோயிருக்கிறது. அவன் என்னோடு பேசுவதில்லை. நேற்று சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "நைனா பேரு நைனா பேருன்னு எங்கள துன்னவிடாம பண்ணிடு" என்றான். அவன் கேட்பதில் தப்பே இல்லை. அவன் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. என் சோற்றை அதன் தட்டில் போட்டேன்.

இன்று காலையில் ஷெட்டுக்காரர் ஆள் ஒருத்தர் வந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். என் மெஷினைத் தடவிப் பார்த்தார்.

"ஊரே ஒண்ணா இருக்குதுக்கா. நீ ஒருத்தி எதுக்கு நடுவுல பூந்துகினு? உங்க நைனா பாட்டுக்கு வர்றாரு, ஓட்டு போட்றாரு, போறாரு. அவருக்கே கஷ்டம் இல்ல, உனக்கு இன்னா கஷ்டம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். போகும்போது, நாளை மறுநாள் மூன்று மணிவரை வாபஸ் வாங்க நேரம் இருக்கிறது, ஜீப் அனுப்புகிறோம் என்றார். நான் வரமாட்டேன் என்றேன். "நீ வரலன்னாலும் பரவால்லக்கா. கையெழுத்துதானே" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது நைனா. செத்தவர் விரலே கிடைத்தவர்களுக்கு உயிரோடு இருக்கிறவள் கையெழுத்தா கிடைக்காது? அதனால் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. நாளை மறுநாள் காலையிலேயே போய் அந்த அதிகாரியின் மேஜைக்கு எதிரில் நின்றுகொள்ளப் போகிறேன். நான் இங்கே நிற்கிறேன், கஸ்தூரி நான்தான் என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு நிற்பேன். மூன்று மணி அடிக்கும்வரை நகரமாட்டேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். போகிற வழியில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. தெருவில் ஒரு கதவும் திறக்காது என்பது மட்டும் தெரியும்.

எனக்கு ரெண்டு ஓட்டு விழும். அம்மாவுடையது, என்னுடையது. ஜெயிக்க நான் நிற்கவில்லை. அந்த அறைக்குள் ஒரு நாள் உட்கார வேண்டும், அதற்காக நிற்கிறேன்.

நைனா, இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. காலையில் முதலில் வருகிறவரிலிருந்து கடைசி ஆள்வரை ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். காலனிக்காரர் காலை எட்டு மணிக்கு வந்து நின்றாலும் அவர் முறை அவருக்கு என்று சொல்வேன். எப்போதோ ஒரு நேரத்தில் உங்கள் பெயரைச் சத்தமாகப் படிப்பார்கள். யாரோ ஒருத்தன் "ஆ" என்று விரலை நீட்டுவான். அப்போது எழுந்து நிற்பேன். "இவரு ஏகாம்பரம் இல்ல. ஏகாம்பரம் எங்க நைனா. எங்க நைனா செத்துட்டாரு" என்று, வெளியே வரிசையில் கடைசியாக நிற்கிறவருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

இத்தனை நாள் உங்களைச் சாகவிடாமல் வைத்திருந்தது நாங்கள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களை விட்டுவிடுகிறேன்.

உங்கள் வீட்டு எண்ணில் இன்னும் பெயர் இருக்கிற,
உங்கள் மகள்
கஸ்தூரி